நாலிலேயே நின்ற எட்டு வருஷம்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘நாலக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், வீட்டில் நாலாவதாகப் பிறந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மற்ற மூன்று பேரும் என்ன செய்கிறார்கள் என்று அக்கறையாக விசாரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு ஒரே பெண் அவள். நாலு என்பது அவள் எட்டு வருஷமாக மாற்ற விடாமல் பிடித்துவைத்திருந்த ஓர் எண்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், இரண்டே அறைகளில், பதினாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி அது. சரக்கு இருப்பு, ஆர்டர், கொள்முதல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளத் தொழிற்சாலைகள் ஒரு பெரிய மென்பொருளை வாங்கி வைத்திருக்கும். அதை எழுதுகிற நிறுவனம் எங்கோ இருக்கிறது. அதில் எல்லாருக்கும் எல்லாமும் இருக்காது. இல்லாத வசதியைச் சின்ன எக்ஸ்டென்ஷனாக எழுதி அதன்மேல் ஏற்றித் தருவதுதான் இவர்கள் பிழைப்பு. அவள் பொறுப்பில் இருந்தது உதிரிபாகக் கணக்குப் போடுகிற எக்ஸ்டென்ஷன். ஒரு பட்டறைக்கு நாற்பது வண்டிக்கு ஆர்டர் வந்தால், எந்தப் பாகம் எத்தனை வேண்டும், அதற்கு எத்தனை பெட்டி வாங்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். நாற்பத்து மூன்று வாடிக்கையாளர்கள் அதை வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனோடும் ஒரு சின்னக் கோப்பு போகும். அதில் பெயர், எழுதியவர் யார் என்பதோடு, எந்த ரன்டைமுக்காக, அதாவது சர்வரில் அதை ஓட்டுகிற அடித்தளத்தில் எத்தனையாவதுக்காக, எழுதப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் ஒரே ஓர் எண். பெரிய எண்ணைப் போட்டால் புதிதாக வந்த வசதிகளை எல்லாம் பயன்படுத்தி ஜாலியாக எழுதலாம். ஆனால் பழைய சர்வர் வைத்திருப்பவர்களிடம் அது ஏறவே ஏறாது, வாசலிலேயே நின்றுவிடும். சின்ன எண்ணைப் போட்டால் பழசிலும் ஓடும், புதுசிலும் ஓடும். எழுதுகிறவர் பாடுதான் திண்டாட்டம். உலகம் பதினொன்றுக்குப் போய்விட்டது. நாற்பத்திரண்டு வாடிக்கையாளர்களும் எப்போதோ அதற்கு மாறிவிட்டார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் சர்வர் இன்னும் நாலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலி செய்கிற ஒரு பட்டறை. அந்த ஒருவருக்காகத்தான் அந்த வரியில் நாலு.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், பெட்டிக் கணக்கில் தான் செய்திருந்த ஒரு பிழை அவள் கண்ணில் பட்டது. யாரும் சொல்வதற்கு முன்னால் திருத்திவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் திருத்தினாள். திருத்தும்போது, ரன்டைம் ஐந்தில் பட்டியல்களைக் கையாள ஒரு நல்ல வசதி வந்திருப்பதைப் பார்த்தாள். ஆசையாக இருந்தது. நாலை ஐந்தாக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை, ஓர் எண் தானே.

பட்டறையின் கம்ப்யூட்டர்காரர் பழசை எடுத்துவிட்டுப் புதுசை ஏற்றப் போனார். புதுசு ஏறவில்லை. பழசும் போய்விட்டது. மறுநாள் காலை நேராக அவள் மேசைக்கே போன் வந்தது. ஒரு பெண் குரல். திட்டவில்லை, கோபப்படவில்லை. “எங்களை எடுத்துட்டீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டது.

இரண்டு நாள் தலை நிமிராமல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி நாலுக்கு ஏற்ற மாதிரி எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை. சரியாகிவிட்டது என்று மூச்சு விட்டாள். அன்றைக்கு அந்த எண்ணைப் பிடித்தவள்தான், பிறகு விடவில்லை.

ஒரு வரியில் முடிகிற வேலையை நாற்பது வரியில் எழுதினாள். மற்றவர்களையும் எழுத வைத்தாள். “இது பதினொன்னுல ஒரே வரிக்கா” என்பார்கள். “தெரியும். நாலுல எழுதிக் குடு” என்பாள். எட்டு வருஷத்தில் முப்பத்தொரு வெளியீடு. ஒவ்வொன்றையும் ஹெல்ப்டெஸ்க் அண்ணன் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் மெயிலில் அனுப்புவார். பதில் வந்ததும் பட்டியலில் டிக் அடிப்பார். சக்கர நாற்காலிப் பட்டறைக்கு நேரே எப்போதும் முதல் டிக். அதைப் பார்த்தால் அவளுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். “என் கடைக்கு வர்றவங்களே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பவரை மாத்திடறாங்க. உன் நம்பர் மட்டும் மாறவே மாறாதா?” என்று கேலி செய்வார். “மாத்தினா ஒருத்தருக்குக் கண்ணு தெரியாமப் போயிடும், பரவாயில்லையா?” என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

இந்த நிலையில்தான் பெரிய மென்பொருள்காரர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. அடுத்த பதிப்பிலிருந்து, ஆறுக்குக் கீழே எண் போட்ட எக்ஸ்டென்ஷன்களைப் புதிய சர்வர்கள் ஏற்றுக்கொள்ளாது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “நாலுன்னு போட்டா நாற்பத்திரண்டு பேர் போயிடுவாங்க. பதினொன்னுன்னு போட்டா ஒருத்தர் போவார். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“யோசிக்க ஒண்ணும் இல்ல சார். அந்த ஒருத்தர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். சர்வரை மாத்தச் சொல்லிப் பார்க்கறேன்.”

“மெயில் போதாதா?”

“எட்டு வருஷம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் ஏத்திக்கிட்டவங்க சார். மெயில்ல எப்படிச் சொல்றது.”

பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். மடியில் ஒரு கோப்பு. அதில் முப்பத்தொரு வெளியீட்டின் பட்டியலும் டிக்கும். எப்படி ஆரம்பிப்பது, எங்கே மன்னிப்புக் கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். பக்கத்து ஸீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

பட்டறை ஒரு நீண்ட தகரக் கொட்டகை. இரும்புச் சட்டங்கள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. ஒரு பக்கம் வெல்டிங், ஒரு பக்கம் பெயின்ட் வாசனை. நடுவில் முடிந்த நாற்காலிகள் பாலித்தீன் உறையோடு நின்றன. கடைசியில் கம்பி வலை போட்ட தடுப்புக்குள் ஸ்டோர். அங்கே ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, பென்சிலும் கையுமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

“சாஃப்ட்வேர் கம்பெனியிலேர்ந்து வர்றேன் அக்கா. உதிரிபாகக் கணக்கு எக்ஸ்டென்ஷன்...”

“வாம்மா, உட்காரு” என்றார் அவர். அதே குரல்.

“நீங்கதானே அக்கா எட்டு வருஷம் முன்னாடி எனக்குப் போன் பண்ணினது? ‘எங்களை எடுத்துட்டீங்களா’ன்னு கேட்டீங்களே.”

ஸ்டோர் அக்கா பென்சிலால் தலையைச் சொறிந்தார். “நானா? கேட்டிருப்பேன்மா. ஞாபகம் இல்லையே.”

தினம் ஒருமுறையாவது அவள் காதில் விழுந்துகொண்டிருந்த வார்த்தை அது. சொன்னவருக்கு ஞாபகம் இல்லை. சரி, வயசு, வேலை என்று சமாதானம் செய்துகொண்டாள். அப்போதுதான் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

திரையின் கீழ்விளிம்பில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. செல்லோடேப் மஞ்சளாகி, அதன்மேல் இன்னொரு செல்லோடேப். கறுப்பு மையில் கொட்டை எழுத்து: ‘பெட்டி எண்ணிக்கையில் ஒன்று கூட்டிப் போடவும். மறக்க வேண்டாம்.’

“இது என்னக்கா?”

“அதுவா, கம்ப்யூட்டர் ஒரு பெட்டி கம்மியாத்தான் சொல்லும். ஒண்ணு கூட்டிக்கணும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஒரு ஆர்டர் போட்டுக் காட்டறீங்களா?”

ஸ்டோர் அக்கா நாற்பது நாற்காலி என்று அடித்தார். ஒரு நாற்காலிக்குப் பதினெட்டு போல்ட். மொத்தம் எழுநூற்று இருபது. பெட்டிக்கு ஐம்பது. பதினாலு பெட்டி வாங்கினால் இருபது போல்ட் பற்றாது, பதினைந்து வேண்டும். திரை பதினாலு என்றது. ஸ்டோர் அக்கா யோசிக்காமல் நோட்டில் பதினைந்து என்று எழுதினார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவள் பிழை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாளே, அதே பிழை. எட்டு வருஷம் முன்பு, இரண்டு நாள் தலை நிமிராமல் உட்கார்ந்து திருத்தி அனுப்பியது. திருத்தியது இங்கே எப்படி உயிரோடு இருக்கும்? எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தாள். பெயருக்கு நேரே பதிப்பு எண் இருந்தது. ஒன்று. முதன்முதலில் கொடுத்தது. முப்பத்தொன்றில் ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை.

திரையிலிருந்து ஸ்டோர் அக்கா பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நாங்க அப்டேட் அனுப்புவோமே. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா. அதை யார் ஏத்தறது?”

“ஏத்தறதா? அதெல்லாம் இல்லம்மா. அந்தக் காலத்துல ஒரு தடவை ஏதோ புதுசு போடறேன்னு போட்டு ரெண்டு நாள் எல்லாம் நின்னு போச்சு. நான் கையால எண்ணி எண்ணி விரலே தேஞ்சு போச்சு. அப்புறம் கம்ப்யூட்டர்காரர் பழசைப் பென் டிரைவ்லேர்ந்து தேடி எடுத்துப் போட்டார். கணக்குல ஒரு பெட்டி குறையுதேன்னு கேட்டேன். ஒண்ணு கூட்டிக்குங்க, ஆனா இனிமே யாரும் இதைத் தொடாதீங்க, ஓடறது ஓடட்டும்னு சொல்லி அவரே எழுதி ஒட்டினார். ரெண்டு மாசத்துல வேற வேலைக்குப் போயிட்டார். நாங்களும் தொடல.”

அந்த இரண்டு நாள். அவளை எட்டு வருஷம் நாலிலேயே கட்டிப்போட்ட அதே இரண்டு நாள், இவர்களையும் எதையும் தொடாமல் கட்டிப்போட்டிருந்தது. இவர்கள் பயந்து ஏற்றாமல் இருக்க, அவள் பயந்து இவர்களுக்காகவே எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து வெளியே வந்து ஹெல்ப்டெஸ்க் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, சக்கர நாற்காலிப் பட்டறையிலேர்ந்து வர்ற பதிலைக் கொஞ்சம் படிங்க. கடைசியா வந்தது.”

“‘தங்கள் மெயில் கிடைத்தது. நன்றி.’ அவ்வளவுதான்மா. எப்பவும் மரியாதையா எழுதுவாங்க.”

“அதுக்கு முன்னாடி வந்தது?”

“‘தங்கள் மெயில் கிடைத்தது. நன்றி.’” மவுஸ் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. “எல்லாத்துலயும் அதேதாம்மா இருக்கு.”

“நாம அனுப்பின நேரத்தையும் அவங்க பதில் நேரத்தையும் பாருங்க.”

மறுபடி மவுஸ் சத்தம். “எல்லாம் அதே நிமிஷம்” என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. “இது மனுஷன் போட்டதில்ல. மெயில் பெட்டி தானா அனுப்புது. நான்... நான் பதில் வந்தா டிக் அடிச்சிடுவேன்மா. உள்ளே படிச்சுப் பார்த்ததே இல்லை.”

“நானும் டிக்கை மட்டும்தானே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கையில் இருந்த பட்டியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி உள்ளே போனாள். ஸ்டோர் அக்கா டீ வரவழைத்து வைத்திருந்தார். “முகம் ஏம்மா இப்படி வெளுத்துப் போச்சு? குடி முதல்ல.”

“அக்கா, ஒண்ணு கேட்கணும். கணக்கு சரியா முழுசா வர்ற ஆர்டருக்கும் ஒண்ணு கூட்டுவீங்களா? ஐம்பது நாற்காலின்னா பதினெட்டுப் பெட்டிதான் சரி.”

“எல்லாத்துக்கும்தான். கம்ப்யூட்டர் எப்ப சரி, எப்பத் தப்புன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“அப்போ மிச்சம் வருமே?”

“வரும் வரும். வா, காட்டறேன்.”

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சந்து. விளக்கைப் போட்டார். தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். போல்ட், வாஷர், ரப்பர் பிடி, பிரேக் கம்பி. எல்லாம் பிரிக்காதவை. அடியில் உள்ளவற்றில் அட்டை நிறம் வெளுத்துப் போயிருந்தது. “இதுக்குக் கம்ப்யூட்டர் பெட்டின்னு பேரு” என்றார் ஸ்டோர் அக்கா, வீட்டுப் பிள்ளைகளை அறிமுகப்படுத்துகிற மாதிரி. “கணக்குல ஏத்தினா அது வேற குழப்பும். அதனால இங்கயே அடுக்கிடறது. போன வருஷம் டிரில் மெஷினை அந்தப் பக்கம் நகர்த்தினோம், இடம் பத்தலைன்னு.”

ஒரு வரிப் பிழை. அதற்கு உடம்பு இருந்தால் இவ்வளவு உயரம் இருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

“அக்கா, அது கம்ப்யூட்டரோட குணம் இல்ல. நான் பண்ணின தப்பு. அப்பவே திருத்தி அனுப்பிட்டேன். அது உங்களுக்கு வந்து சேரல. எட்டு வருஷமா என் தப்பை நீங்கதான் பென்சிலால திருத்திக்கிட்டு இருக்கீங்க.”

ஸ்டோர் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “தப்பா? இது இப்படித்தான்னு நினைச்சோமேம்மா” என்றார் மெதுவாக. “நான் லீவுல போறப்போ, வேற ஆளுக்கு இதைத்தான் முதல்ல சொல்லிக் குடுப்பேன். மூணு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

முதலாளி வந்தார், கையில் கிரீஸ், அதைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். சந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். “டிரில் மெஷினை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டு வந்துடலாம் போலிருக்கே” என்றார். பிறகு, “போடறதா இருந்தா நீங்க இங்க உட்கார்ந்து போடுங்க. பழசை எடுத்துட்டு ஓடிடக் கூடாது” என்றார்.

அவள் உட்கார்ந்து போட்டாள். முதலில் பழசை ஒன்றுக்கு மூன்று இடத்தில் நகல் எடுத்துவைத்தாள். பிறகு முப்பத்தொன்றாவது வெளியீட்டை ஏற்றினாள். நாலுக்காகவே எழுதியது; ஒரு முனகல் இல்லாமல் ஏறி உட்கார்ந்தது. எட்டு வருஷத்து உழைப்பு அதற்குரிய இடத்துக்குப் போய்ச் சேர மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

ஸ்டோர் அக்கா நாற்பது நாற்காலி அடித்தார். பதினைந்து என்று வந்தது. நோட்டில் பதினாறு என்று எழுதினார். எழுதிவிட்டுத் தானே திடுக்கிட்டு நிமிர்ந்தார். “கை தானா போகுதும்மா.” காகிதத்தைக் கிழிக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, “ஒரு மாசம் இருக்கட்டும். எனக்கு நம்பிக்கை வரணும்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் வாய்க்குள் எதுவும் சொல்லிப் பார்க்கவில்லை. வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேலி வரும் என்று எதிர்பார்த்தாள். அவர், “எட்டு வருஷமா?” என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

மறுநாள் அலுவலகம் போனபோது ஹெல்ப்டெஸ்க் அண்ணன் முகம் சரியில்லை. நேற்று மதியத்திலிருந்து பழைய பதில்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். “இன்னும் ஒன்பது பேர்மா” என்றார். “ஒன்பது இடத்துலேர்ந்து தானா வர்ற பதில்தான். சர்வர் புதுசு. நம்ம எக்ஸ்டென்ஷன் எந்தக் காலத்துதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.”

மேனேஜர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். எந்த எண்ணைப் போடுவது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றிருந்தவர். “அப்போ நாம என்ன நம்பர் போட்டாலும் இவங்களுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்லையா?” என்று கேட்டார்.

அவளே ஒவ்வொருவரையும் போனில் பிடித்தாள். ஓர் அச்சகத்தில், “அப்டேட்டா? அது யார் அனுப்பறது?” என்றார்கள். கதவுக் கீல் செய்கிற ஓர் இடத்தில், “உங்க திரைப் பக்கத்துல ஏதாவது காகிதம் ஒட்டியிருக்கா?” என்று சும்மா கேட்டுப் பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றது ஒரு பயந்த குரல்.

ஐந்து வாரம் பிடித்தது. ஒவ்வொரு இடத்திலும் பதிப்பு எண்ணை அவர்கள் வாயால் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போனாள். எல்லாம் முடிந்த ஒரு புதன்கிழமை காலை, அந்தச் சின்னக் கோப்பைத் திறந்து நாலை அழித்துவிட்டுப் பதினொன்று என்று அடித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் நாலாயிரம் வரிக்கு மேல் தேவையில்லாமல் போயிற்று. நாற்பது வரி போய் ஒரு வரி, அறுபது போய் இரண்டு. கூட இருந்தவர்கள் முதலில் உற்சாகமாக அழித்தார்கள். போகப் போகக் கை மெதுவானது. அவள் ஒருமுறை மாடிப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

சக்கர நாற்காலிப் பட்டறையின் சர்வரை அடுத்த வருஷம் மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை அவர்களுக்கென்று நாலில் ஒரு தனி நகல். அதை மெயிலில் அனுப்புவதில்லை. அவளே பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வருகிறாள்.

இரண்டாவது முறை போனபோது ஸ்டோர் அக்கா ஒரு முழுத்தாளை நீட்டினார். “சொல்றதுக்கு ஆள் இருக்குன்னு தெரியாமப் போச்சும்மா. இப்ப எழுதி வெச்சிருக்கேன்.” ஒன்று முதல் பதினேழு வரை எண் போட்டு, பென்சிலில், எட்டு வருஷத்துக் குறைகள். அவள் முதல் மூன்றைப் படித்தாள். மூன்றும் புதிய வெளியீட்டிலும் அப்படியே இருப்பவை. படித்துவிட்டுக் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.